மூன்று நாட்டு வகுப்பறைகளும் ஒரு கணக்குப் பரீட்சையும்

போன மாதம் ஜெயந்தி வீட்டுக்கு வந்திருந்தாள். சுருளிப்பட்டிக்காரி. உத்தமபாளையத்தில் என்னிடம் கணக்குப் படித்தவள். இப்போது அவளே ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்களைப் பார்த்துவர அனுப்பும் ஆசிரியர் குழுவில் அவள் பெயரும் வந்திருக்கிறது. பை நிறையப் பன்னீர்த் திராட்சையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவள் உட்காருவதற்கு முன்பே கேட்டாள்.

“டீச்சர், நீங்க மூணு நாட்டுல பாடம் எடுத்திருக்கீக. எந்த நாட்டுப் பள்ளிக்கூடம் ஒசத்தி? சொல்லுங்க, போற எடத்துல அதை வச்சு ஒப்பிட்டுப் பாக்குறேன்.”

“ஒசத்தி தாழ்த்தி எல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாதுத்தா. வாயடைச்சுப்போய் நின்ன எடம் சிலது இருக்கு. வேணும்னா அதைச் சொல்றேன்.”

அன்று பேச்சுவாக்கில் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் உத்தமபாளையத்தில் பிறந்தவள். என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், சைக்கிள் கடை வைத்திருந்தார். மதுரையில் பட்டப்படிப்பு, அங்கேயே பி.எட். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பஸ்ஸில் தூங்கினேன், விடுதியில் விழித்துப் படித்தேன், தேறினேன். ஊருக்குத் திரும்பி ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். கல்யாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போய் ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. வகுப்பில் அறுபதுக்கு மேல் பிள்ளைகள். வருத்தப்பட நேரம் ஏது?

ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர். நடுவில் இருப்பவள் எழுந்து பதில் சொல்ல வேண்டுமென்றால் ஓரத்தில் இருப்பவள் வெளியே வந்து நிற்க வேண்டும். திராட்சை பறிக்கும் நாட்களில் பாதிப் பேர் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஆடி மாதம் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தால், குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பஸ் ஏற முடியாமல் பிள்ளைகள் நடந்து வந்து, வேர்த்து வடிய வாசலில் நிற்பார்கள். அப்படியும் வருவார்கள் என்பதுதான் அதிசயம். வந்து உட்கார்ந்ததும் நோட்டைத் திறப்பார்கள். கரும்பலகையில் இருப்பதெல்லாம் நோட்டுக்குப் போகும். நோட்டில் இருப்பதெல்லாம் பரீட்சைத்தாளுக்குப் போகும். ரேங்க் அட்டை கொடுக்கும் நாளில் அனுமந்தன்பட்டியிலிருந்து ஓர் அம்மா வந்தாக. அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “பிள்ளை பாஸாயிருமா டீச்சர்? வகுப்புல வாயாடுதா?” இரண்டே கேள்விதான். வாயாடவில்லை என்று சொன்னதும் அந்த முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

பூட்டானுக்கு ஆசிரியர் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. எழுதிப் போட்டேன், கூப்பிட்டார்கள். வீட்டில் மாமாக்கள் கூடிவிட்டார்கள். “பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் தனியா அனுப்புறதா?” என்று கேட்டாக. அத்தா டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “அவ போறது பள்ளிக்கூடத்துக்குத்தானப்பா. இங்கனயும் அவ வேற எங்கயும் போனதில்லையே” என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

என் பள்ளி கிழக்குப் பூட்டானில் ஒரு மலைச்சரிவில் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்து மேகமலையைப் போல நாலு மலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் ஊர். வீட்டுக் கூரையெல்லாம் சிவப்பு மிளகாய் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மிளகாய் காயப் போடுகிற ஊர் எப்படியும் நம்மைப் பட்டினி போடாது என்று தோன்றியது. அங்கே மிளகாய்தான் காய்கறி. பாலாடைக் கட்டியோடு சேர்த்துக் குழம்பாக வைக்கிறார்கள்.

பிள்ளைகள் பேச்சின் கடைசியில் மரியாதைக்கு ஒரு ‘லா’ சேர்ப்பார்கள். “எஸ் மேடம் லா.” “நோ மேடம் லா.” நம் பக்கத்தில் ‘ஏலே’ என்று அதட்டுவதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு, கிட்டத்தட்ட அதே சத்தம் இவ்வளவு பணிவாகவும் வரும் என்பது முதல் பாடம்.

நான் போன முதல் வாரம் காலைக் கூட்டத்தில் ஒரு சிறுமி பேச வந்தாள். மூன்றாம் வகுப்பு. அங்கே தினமும் ஒரு பிள்ளை, பேப்பர் இல்லாமல், பள்ளி முழுவதற்கும் முன்னால் நின்று தனக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். அவள் எடுத்துக்கொண்ட விஷயம் அட்டைப்பூச்சி. “எனக்கு அட்டைப்பூச்சி என்றால் பயம். ஆனால் என் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் காடு இருக்கிறது” என்று ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் போனதும் மறந்துவிட்டது. வாயைத் திறந்தபடி நின்றாள்.

என் கை தானாக மேலே போனது. மறந்த பிள்ளைக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்தே பழகியவள் நான். பக்கத்தில் நின்ற தலைமையாசிரியர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிள்ளைகளும் குனிந்துகொண்டார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு இருமல் இல்லை, சிரிப்பு இல்லை. மறந்து நிற்கிற பிள்ளையை யாரும் வெறித்துப் பார்க்கக்கூடாது என்பதற்காக ஒரு பள்ளிக்கூடமே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் போனதோ. “அதனால் நான் பாடிக்கொண்டே நடப்பேன்” என்று அவள் குரல் திரும்பி வந்தது. முடித்தாள். குனிந்து வணங்கிவிட்டு வரிசைக்குப் போனாள். யாரும் கைதட்டவில்லை. நான் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மழைதான் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம்.

அந்தச் சிறுமி தினம் வீட்டுக்குப் போய்வருகிறவள். இன்னும் தொலைவான ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்குப் பக்கத்தில் மூங்கில் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். பெரியவர்கள் கூட இல்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தம்பி தங்கைக்குச் சமைத்துப் போட்டு, விறகு அடுக்கி, பாத்திரம் கழுவிவிட்டு வகுப்புக்கு வருவாள். ஒருநாள் எட்டிப் பார்க்கப் போனேன். என்னை உட்காரவைத்து, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து டீ கொடுத்தாள். அடுப்புப் பக்கத்தில் அன்றைய வீட்டுப்பாடம் முடித்து வைத்திருந்தது. அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் திருத்தினேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டுவலி வந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் மாலத்தீவுக்கு மனுப் போட்டேன். மலையிலிருந்து நேரே கடலுக்கு.

என் தீவைக் குறுக்கே நடந்தால் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்தில் அந்தப் பக்கக் கடல் வந்துவிடும். வெள்ளியும் சனியும் விடுமுறை. படகை அங்கேயும் தோணி என்றேதான் சொல்கிறார்கள். பிள்ளைகள் என்னை ‘மிஸ்’ என்று கூப்பிட்டார்கள். நின்று விவாதம் செய்தார்கள். “இந்த வழி எதுக்கு மிஸ், இதைவிடச் சின்ன வழி இருக்கே?” என்று கரும்பலகைக்கே வந்துவிடுவார்கள். முதல் மாதம் எனக்குக் கோபமாக வந்தது. ஒருநாள் ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்து கவலையோடு கேட்டார்: “என் பொண்ணு உங்க வகுப்புல பேசவே மாட்டேங்கிறாளாமே? ஏதாவது பிரச்சினையா?” எனக்கு அனுமந்தன்பட்டி அம்மா ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் பெற்ற பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.

முதல்வர் பெயர் இப்ராஹிம். தீவுக்காரர். ஒல்லியான மனிதர், தேய்த்த வெள்ளைச் சட்டை, சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பத்தாம் வகுப்புக்கு அங்கே இங்கிலாந்திலிருந்து வினாத்தாள் வரும். பரீட்சை நெருங்கிவிட்டால் இப்ராஹிம் வேறு ஆளாகிவிடுவார். விதிப்புத்தகத்தை ஆசிரியர்கள் எல்லாருக்கும் நின்றபடி வாசிப்பார். வருஷா வருஷம் கேட்டவர்களும் திரும்ப உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒவ்வொரு விதியும் முடிந்ததும் நிமிர்ந்து பார்ப்பார். நாங்கள் “புரிந்தது” என்று சொன்னால்தான் அடுத்தது.

ஹாலில் மேசைகளை அவரே அளவுகோல் வைத்து இடைவெளி பார்த்துப் போடுவார். கடிகாரத்துக்குப் புது பேட்டரி. சுவரில் இருந்த படங்களெல்லாம் இறங்கும். பெயிண்டில் வரைந்த உலக வரைபடத்தைக் கழற்ற முடியாது என்பதால் படுக்கை விரிப்பைக் கட்டி மறைப்பார். மேற்பார்வைக்கு வேறு தீவிலிருந்து ஆசிரியர் வருவார். பாடம் நடத்தியவர் அந்தப் பாடத்துப் பரீட்சையன்று ஹால் பக்கமே போகக்கூடாது. வினாத்தாள் உறையைப் பிள்ளைகளுக்கு முன்னால் உயர்த்திக் காட்டி, முத்திரை பிரியாததை அவர்கள் பார்த்த பிறகே கத்தரிப்பார். நம் ஊரில் இதற்கெல்லாம் போலீஸ் நிற்கும், பறக்கும் படை வரும். அங்கே யாரும் வரவில்லை. ஊரே காவல் இருந்தது. தச்சர் ரம்பத்தை எடுக்க மாட்டார். மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் பள்ளித் தெருமுனையில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு போவார்கள். யாரும் சொல்லவில்லை, பழக்கம்.

என் மாணவி ஷஃபா அந்த வருஷம் எழுதினாள். கணக்கில் அவளுக்கு நல்ல பிடிப்பு. தேறினால் தலைநகர் மாலேயில் மேல்படிப்பு என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா ஹுசைன் சின்னத் தோணி ஒன்றில் பக்கத்துப் பெரிய தீவிலிருந்து அரிசியும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிவருகிறவர். கணக்கின் இரண்டாம் தாளுக்கு முந்தின நாள், தன் அக்கா மகனோடு சரக்கெடுக்கப் போனார். மாலையில் காற்று எழும்பியது. தோணி திரும்பவில்லை. போனும் எடுக்கவில்லை.

விடிந்தபோது தீவில் முதல்வரையும் சில வயதானவர்களையும் தவிர ஆண்களே இல்லை. எல்லாரும் தேடப் போயிருந்தார்கள். இப்ராஹிம் என்னையும் அழைத்துக்கொண்டு ஷஃபா வீட்டுக்குப் போனார். அங்கே பேசியதெல்லாம் பாதி ஆங்கிலம், பாதி அவர்கள் மொழி. அதற்குள் எனக்கு அந்த மொழி ஓரளவு பழகியிருந்தது. நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

அவள் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஷஃபா சீருடை போட்டு, தலையில் துணி கட்டி, ஜியோமெட்ரி பெட்டியோடு நின்றாள்.

“நீ இன்னைக்கு எழுத வேண்டாம்மா. இது மாதிரி நேரத்துக்கு விதி இருக்கு. அடுத்த தடவை எழுதலாம், நான் இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்கிறேன்” என்றார் இப்ராஹிம்.

“எழுதுறேன் சார்.”

“யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

“வீட்டுல இருந்தா கடலைப் பார்த்துக்கிட்டே இருப்பேன் சார். ஹால் ஜன்னல்ல இருந்து கடல் தெரியாது.”

மூன்று பேரும் பள்ளிக்கு நடந்தோம். வழியில் அவள் என்னிடம் முக்கோணவியலில் ஒரு சூத்திரத்தைச் சரிதானா என்று கேட்டாள். சொன்னேன்.

பரீட்சை தொடங்கியது. நான் விதிப்படி வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பாதி நேரம் போயிருக்கும். கடற்கரைப் பக்கம் பெண்கள் ஓடுவது தெரிந்தது. பக்கத்துத் தீவுப் படகு ஒன்று ஹுசைனின் தோணியை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. எஞ்சின் நின்று, இரவெல்லாம் அலையில் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள்.

இந்த மாதிரிச் செய்திக்கு ஒரு ஊர் எப்படிக் கூச்சல் போடும்? அந்தப் பெண்கள் தோணித்துறையிலிருந்து பள்ளித் தெருவுக்கு வந்தார்கள், வாயில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு. அழுகையும் சிரிப்பும் தோளைக் குலுக்கின, சத்தம் மட்டும் வரவில்லை. உள்ளே பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள் அல்லவா.

ஹுசைன் கேட்டுக்கு வந்து நின்றார். உதடு வெடித்திருந்தது. சட்டையில் உப்பு பூத்திருந்தது. இப்ராஹிம் வெளியே வந்தார். அவர் ஹுசைனின் இரண்டு கையையும் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

நான்தான் பேசினேன். “சார், உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.”

“முடியாது மிஸ். வெளியிலிருந்து ஒரு வார்த்தை உள்ளே போச்சுன்னா ஹால்ல இருக்கிற அத்தனை பேர் தாளும் செல்லுமான்னு கேள்வி வரும்.”

“உள்ளே அந்தப் பிள்ளை அப்பா இல்லைன்னு நினைச்சுக்கிட்டு எழுதிட்டிருக்கா சார்!”

“எனக்கும் தெரியும்.”

ஷஃபாவின் அம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹுசைன், “வேண்டாம். முடியட்டும். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்” என்றார். அதைச் சொல்லவே அவர் தொண்டை ஒத்துழைக்கவில்லை.

இப்ராஹிம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் ஹுசைனின் தொண்டையைப் பார்த்தார். “தண்ணி குடி” என்றார். யாரோ சொம்பு நிறையக் கொண்டுவந்தார்கள். குடித்தார். “இன்னும் குடி.” மறுபடி குடித்தார்.

“லுஹருக்கு நேரமாச்சு. பாங்கு நீ சொல்றியா?”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. லுஹர் என்றால் நண்பகல் தொழுகை; தொழுகைக்கு அழைக்கும் பாங்கை அந்தத் தீவுப் பள்ளிவாசலில் முறைபோட்டு இரண்டு பேர் சொல்வார்கள். ஹுசைன் அதில் ஒருவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று முறை மற்றவருடையது. பள்ளிவாசல், பள்ளிக்கூடச் சுவருக்கு அந்தப் பக்கம்.

“இது விதிக்கு…” என்று இழுத்தேன்.

“லுஹருக்குப் பாங்கு சொல்லக்கூடாதுன்னு புத்தகத்துல எந்த இடத்துலயும் இல்லை மிஸ். முழுசும் வாசிச்சிருக்கேன்” என்றார் இப்ராஹிம்.

ஹுசைன் நடந்தார். இரண்டு பெண்கள் கூடவே போனார்கள், விழுந்துவிடுவாரோ என்று. சிறிது நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது.

என் வாழ்நாளில் எத்தனையோ பாங்கு கேட்டிருக்கிறேன். உத்தமபாளையத்தில் அந்தச் சத்தத்தில்தான் எழுந்தேன், அந்தச் சத்தத்தில்தான் வீட்டுக்குத் திரும்பினேன். அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. குரல் கிழிந்திருந்தது. முதல் வரியிலேயே உடைந்து, மூச்சு வாங்கி, திரும்பப் பிடித்துக்கொண்டு எழுந்தது. ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இந்தத் தடவை வராதோ என்று எல்லாரும் காத்திருந்தோம். வந்தது. கடைசி வரி வரைக்கும் வந்தது. இப்ராஹிம் கண்ணை மூடி நின்றிருந்தார்.

உள்ளே நடந்ததை அன்று சாயங்காலம் மேற்பார்வையாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் வேறு தீவுக்காரர். ஹுசைனையும் தெரியாது, அவர் குரலையும் தெரியாது. “பாங்கு தொடங்கியதும் ஒரு பெண் பேனாவைக் கீழே வைத்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால், ஹாலில் எல்லாரும் பேனாவை வைத்துவிட்டார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு சத்தம் இல்லை. பாங்கு முடிந்ததும் எல்லாரும் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். நேரம் போவதைக்கூடப் பொருட்படுத்தாமல்! உங்கள் தீவுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பக்தி!” என்றார். இப்ராஹிம் தலையாட்டினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அத்தனை பிள்ளைகளுக்கும் அந்தக் குரல் தெரியும். அது யாருக்காக வந்தது என்பதும் தெரியும். பரீட்சை நேரத்தைக் கொஞ்சம் எடுத்து அவளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நேரம் முடிந்தது. எண் வரிசைப்படி தாள்களைச் சேகரித்து, சரிபார்த்து, அதன் பிறகுதான் பிள்ளைகளை வரிசை வரிசையாக எழுப்புவார்கள். ஷஃபா கடைசி வரிசை. அதுவரை கேட்டுக்கு வெளியே ஊர் முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

முன் வரிசைப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஹுசைனைப் பார்த்தார்கள். கேட்டைத் தாண்டிப் போகாமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். ஷஃபா ஓடி வரவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள். ஹுசைன்தான் அந்த உடைந்த குரலில் ஆரம்பித்தார். கடல் உயிரோடு திருப்பி அனுப்பிய மனிதர், என்ன கேட்பார் என்று நினைக்கிறீர்கள்?

“பரீட்சை எப்படி எழுதினே?”

“ஒரு கணக்கை விட்டுட்டேன் பப்பா.”

“ஏன் விட்டே?”

“நீங்க பாங்கு சொல்லிக்கிட்டிருந்தீங்க.”

அவர் அவள் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். காலையிலிருந்து அந்தத் தீவு அடக்கி வைத்திருந்த சத்தம் முழுவதும் அப்போதுதான் வெளியே வந்தது.